அடுப்படிப் புகையும் நம் அமானிதமும்

(நோன்புக்கு முன் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





என் அம்மா பீடி, சிகரெட் புகையே அறியாதவர்கள். ஆனால் கடைசிக் காலத்தில் மூச்சு வாங்கியபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் விறகடுப்பா?" என்பதுதான். தென்னை மட்டையும் புளிய விறகும் வைத்து, ஊதாங்குழலால் ஊதி ஊதி நாற்பது வருடம் எங்களுக்குச் சோறாக்கினார்கள். "புகைதானே, என்ன செய்யும்?" என்பார்கள். அத்தாவும் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்தப் புகை என்ன செய்யும் என்று ஊர் ஊராகப் போய் அளந்தவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். 2000ஆம் ஆண்டையொட்டியே தமிழகக் கிராமத்து வீடுகளின் அடுப்படிகளில் கருவிகளை வைத்து அளந்தார். விறகு எரியும் வீட்டில் அடுப்பருகே நிற்கும் பெண்ணின் நெஞ்சுக்குள்தான் அதிகப் புகை போகிறது என்பது அதில் தெளிவானது.

புகையில் நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள நுண்துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் அடிவரை செல்லும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் வரம்பு 40. தமிழகக் கர்ப்பிணிகள் 1,285 பேரிடம் அவரது குழு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைவதாக அது கண்டது.

அடுத்து இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், 18 மாதங்களுக்கு சிலிண்டரும் இலவசம். கேஸ் பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் 24. விறகடுப்பிலேயே சமைத்தவர்களுக்கு 70. ஆனால் குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் 2022இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கர்ப்பம் தரித்த பிறகு அடுப்பை மாற்றினால் மட்டும் போதாது போலும். அதற்காகப் புகை நல்லதாகிவிடாது. நெஞ்சுக்கும் இதயத்துக்கும் அது செய்யும் கேடு உறுதியானது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்த வீடுகளில் புகை குறைந்தது அடுப்பு கொடுத்ததால் மட்டுமல்ல, சிலிண்டர் தீராமல் பார்த்துக்கொண்டதால். நாம் என்ன செய்தோம்? அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். பிறகு போய்ப் பார்த்தால், சிலிண்டர் மாற்றப் பணமில்லாமல் அடுப்பு பரணில் இருக்கிறது; கீழே விறகு எரிகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றும் மாவட்டத்தில், நம் பெண்மக்கள் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: இனி புது அடுப்பைவிட, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள ஏழை வீடுகளுக்கு சிலிண்டர் மாற்றும் செலவை ஸதகா நிதியிலிருந்து கொடுப்போம். ஜகாத்தில் கொடுக்கலாமா என்பதை ஹஸ்ரத் அவர்களிடம் கேட்டு முடிவு செய்வோம்.

இரண்டு: நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் முப்பது நாளும் அஸருக்கு முன்பிருந்தே புகையில் நிற்கிறார். நாம் குடிக்கும் கஞ்சியின் நன்மையில் அவருடைய இருமலும் கலந்திருக்க வேண்டாம். இந்த வருடம் பெரிய கேஸ் அடுப்புக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

மூன்று: விறகை உடனே விட முடியாதவர்கள் காய்ந்த விறகையே எரியுங்கள். முடிந்தவரை வெளியில், திறந்த இடத்தில் சமையுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள். இதனால் புகை குறையும், அற்றுப்போகாது.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். என் அம்மாவின் உடலைக் காக்க எனக்கு அன்று தெரியவில்லை. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு கேள்வியும் உண்டு.

இன்ஷா அல்லாஹ், நோன்பு பிறை பார்ப்பதற்குள் இவற்றைத் தொடங்குவோம். வஸ்ஸலாம்.