மூச்சுக்காகக் குனியும் முதுகு



பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர் எப்படி உட்காருகிறார், கவனித்தீர்களா? இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கி, முன்னால் சாய்ந்திருப்பார். "நிமிர்ந்து உட்காருங்க அத்தா" என்று அதட்டாதீர்கள். மூச்சுக்காகத்தான் அப்படி இருக்கிறார்.

வெளியேறாத காற்று நுரையீரலில் தேங்குவதால், கீழே குடைபோல் இருக்கும் உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. அதன் வேலையைக் கழுத்துத் தசையும் தோள் தசையும் இழுத்துப் போட்டுச் செய்கின்றன. சாய்ந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொடுக்கும். ஆனால் இதுவே வருடக்கணக்கில் தொடர்ந்தால் கழுத்து முன்னே வந்து, மேல்முதுகு வளைந்து இறுகும். வளைந்த முதுகு விலாவை விரியவிடாது; மூச்சு இன்னும் குறையும்.

ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுபவருக்கு எலும்பும் மெலியும்; முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழலாம். திடீர் முதுகுவலியை வயசுக் கோளாறு என்று விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஸஜ்தாவில் மூச்சு முட்டுகிறவர் நாற்காலியில் தொழட்டும். மார்க்கம் தந்த சலுகை அது. வாலிபர்கள் முறைக்க வேண்டாம்.

தோள், முதுகுப் பயிற்சியும் உதடு குவித்து மூச்சு விடுவதும் உள்ளே பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருகிறார். அத்தாவை அழைத்து வந்தவர்களும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.