ஒழுகினால் இறுக்கலாமா?



இன்றைய அரங்கத்தின் கேள்வி, பழைய வண்டியைக் கட்டிக் காப்பதா, விற்றுத் தொலைப்பதா என்பது. விற்றுத் தொலைக்கச் சொன்னவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே குறையைத்தான் சொன்னார்கள். "எண்ணெய் ஒழுகுது, எத்தனை தடவை இறுக்கினாலும் நிக்கல." அந்த ஒழுகலைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அதற்குக் கேமரன் மலைக்குப் போக வேண்டும். பிரிஞ்சாங்கைத் தாண்டி, திரிங்காப்பைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்கு முன்னால் இருக்கிறதே கோலா தெர்லா, அங்கே.

ஒரு காலத்தில் தேயிலைக்காகத் தமிழர்கள் ஏறிய மலை அது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். இன்றைக்குக் கோலா தெர்லாப் பக்கம் தேயிலையோடு காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரைகளுமாக இருக்கின்றன. அந்தச் சரிவுகளில் முட்டைக்கோசு கூடையையும் உர மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குவது எது? பழைய லேண்ட் ரோவர். கதவு ஒரு நிறம், மூக்கு ஒரு நிறம். ஆனாலும் ஏறுகிறது!

அந்த வண்டி 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். ராணுவம் இந்த வண்டியிலும் காட்டுப்பாதைகளில் ஓடியது. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி இங்கிலாந்தில் 2016 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அத்தோடு முடிந்தது. மலையிலோ முடியவில்லை. உடம்பு அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காது. அடிச்சட்டம் இரும்பு, அது பிடிக்கும். அதைப் பற்ற வைத்துப் பற்ற வைத்து ஓட்டுகிறார்கள்.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணி, பனி இறங்கிக் கிடக்கிறது. உதவிக்கு வந்த பையன் மூடியைத் திறந்து பார்க்கிறான்.

"அண்ணே, என்ஜின் தலையில எண்ணெய் கசியுது."

"மேல மூணு நட்டு இருக்குல்ல தம்பி, அத நல்லா இறுக்கி விடு."

பையன் இறுக்குகிறான். இரண்டு நாள் நிற்கிறது. மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. மறுபடி இறுக்குகிறான். ஒரு நாள் நட்டு சும்மா சுற்றுகிறது. மரை போய்விட்டது! அன்றைக்குத்தான் "இந்தச் சனியனை விற்றுவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது. தவறு வண்டியிடமா, ஸ்பேனர் பிடித்த கையிடமா?

அந்த மூடியைச் சிலர் வால்வு கவர் என்பார்கள், சிலர் ராக்கர் கவர் என்பார்கள், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டேப்பெட் கவர் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். வால்வுகளைத் தட்டித் திறக்கும் கைகள் அதற்கு அடியில் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஆடுகின்றன. மூடியின் வேலை அந்த எண்ணெய் வெளியே வராமலும், தூசி உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்வது. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருப்பது கேஸ்கட். பழைய லேண்ட் ரோவரின் இரண்டேகால் லிட்டர் என்ஜினில் அது தக்கையால் ஆனது. தக்கை மெத்தை மாதிரி. ஓரளவுக்கு அமுங்கினால்தான் அடைக்கும். அதற்கு மேல் அமுக்கினால் பிதுங்கும், பிளக்கும்.

மூடியோ தகட்டை அழுத்திச் செய்தது. மூன்று நட்டை ஓங்கி இறுக்கினால் என்ன ஆகும்? நட்டுக்கு அடியில் தகடு குழிகிறது, மற்ற இடத்தில் விளிம்பு தூக்குகிறது. தூக்கிய இடத்தில் எண்ணெய் வருகிறது. இறுக்க இறுக்க ஒழுகும் என்பது விடுகதை இல்லை, இதுதான் காரணம்.

சரி, ஒழுகினால் என்ன, கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் போகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளில் எட்டு மணி நேரம் என்ஜின் ஓடினால் 480 சொட்டு, அதாவது 24 மில்லிலிட்டர். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் 600 மில்லிலிட்டருக்கு மேல். என்ஜினின் வயிற்றில் இருப்பதே ஆறு லிட்டருக்குச் சற்று அதிகம். அளவுக்கோலை இழுத்துப் பார்க்க மறந்தவர் நாலைந்து மாதத்தில் பாதி எண்ணெயோடு மலை ஏறுவார். என்ஜின் பிடித்துக்கொண்டால் கேஸ்கட் செலவா, என்ஜின் செலவா? சூடான புகைக்குழாயின் மேல் வழிந்தால் புகை வண்டிக்குள் வரும், தீப்பிடிக்கவும் கூடும். வண்டியின் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மலாயில் கோலா என்றால் ஆறு சேரும் இடம். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு சேரும் இடம்தான் கோலா தெர்லா. குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் அங்கே இருக்கிறது. தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு, ரிங்லெட் அணைக்கும் மின்நிலையத்துக்கும் போகிறது. சரிவில் நிற்கும் வண்டியின் சொட்டு அடுத்த மழையில் எங்கே போகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மழைக்குப் பஞ்சமா?

ஆகவே இறுக்காதீர்கள், கழற்றுங்கள். என்ஜின் ஆறிய பிறகு, மூன்று நட்டையும் எடுத்து, மூடியை நேராகத் தூக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டையால் மெல்லத் தட்டலாம், திருப்புளியைச் செருகி நெம்பக் கூடாது. திறந்ததும் முதல் வேலை, உள்ளே தெரியும் துளைகளைச் சுத்தமான துணியால் மூடுவது. பழைய தக்கையின் ஒரு துண்டு உள்ளே விழுந்தால் எண்ணெய் வழியை அடைக்கும். பிறகு இரண்டு முகங்களையும் பொறுமையாகச் சுரண்டித் துடைக்க வேண்டும். நேயர்களே, இந்த வேலையில் முக்கால் பங்கு துடைப்பதுதான்! எண்ணெய்ப் பசை இருக்கும் முகத்தில் எந்தக் கேஸ்கட்டும் உட்காராது.

மூடியைக் கவிழ்த்து ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடம் வளைந்த இடம். கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கலாம். புதுத் தக்கையை மூடியோடு மட்டும் பசை வைத்து ஒட்டி, மேலே எடை வைத்துக் காய விட வேண்டும். என்ஜின் பக்கம் பசை வேண்டாம், அடுத்த முறை திறக்கும்போது அது கிழியாமல் வர வேண்டும் அல்லவா? நட்டுக்கு அடியில் இருக்கும் வாசரையும் மாற்றுங்கள். பலர் கேஸ்கட்டை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் தண்டு வழியாக ஏறி வந்து, கேஸ்கட்டின் மேல் பழி விழுகிறது.

திறந்தது திறந்தாயிற்று, வால்வு இடைவெளியையும் பார்த்துவிடலாம். இந்த என்ஜினுக்கு அது 10 'தௌ', அதாவது கால் மில்லிமீட்டர். எட்டு வால்வு. எதைத் திறந்து வைத்து எதைச் சரிசெய்வது என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சேர்ந்து ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருந்தால் முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு வரும்.

இப்போது நட்டு, போல்ட் விவகாரம். அதிகம் கெடுவது இங்கேதான். மரை போன நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கண்ணால் பார்த்து எட்டு மில்லிமீட்டர் நட்டைக் கொடுக்கிறார். தண்டு பதினாறில் ஐந்து அங்குலமாக இருந்தால் அதன் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு எட்டும் அதுவும் ஒன்றுதான். ஆனால் மரை வேறு. எட்டு மில்லிமீட்டர் நட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். பதினாறில் ஐந்து அங்குலத்து நுண்மரையில், அங்குலத்துக்கு 24 மரை, அதாவது 1.06 மில்லிமீட்டர். இரண்டு மூன்று சுற்று இனிமையாகப் போகும். அப்புறம் பிடிக்கும். "துருவா இருக்கும்" என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், தண்டின் மரையைச் சீவிக்கொண்டு போகும்.

அங்குல மரைகளும் ஒரே குடும்பம் இல்லை. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் போல்ட்டும் அமெரிக்க நட்டும் ஒன்றோடொன்று சேராமல் அவதிப்பட்ட பிறகு, 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி 60 பாகைக்கு உடன்பட்டன. பதினாறில் ஐந்து விட்வர்த் அங்குலத்துக்கு 18 மரை. அமெரிக்கர் பருமரைக்கும் 18தான். எண்ணிக்கை ஒன்று, கோணம் வேறு! பழைய லேண்ட் ரோவர் இந்த மாற்றக் காலத்துக்குள் பிறந்து வளர்ந்தது. ஒரே வண்டியில் ஓரிடத்தில் ஒரு மரை, இன்னோரிடத்தில் வேறு மரை. இதில் ஜப்பானிய என்ஜினை மாற்றி வைத்திருந்தால் என்ஜின் முழுக்க மெட்ரிக். ஆகவே "லேண்ட் ரோவருக்கு நட்டு கொடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. சீப்பு மாதிரி பல் வைத்த மரை அளவி விற்கிறது, விலையும் அதிகம் இல்லை. அதை வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் விரல் இருக்கிறது. சரியான நட்டு விரலாலேயே கடைசி வரை போகும். போகாததை ஸ்பேனரால் சம்மதிக்க வைக்காதீர்கள்.

கடினமான போல்ட் நல்ல போல்ட் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தலையில் 8.8 என்றிருப்பதைவிட 10.9 என்றிருப்பது வலிமையானது, உண்மைதான். இந்த மூடிக்கு அது எதற்கு? இங்கே தேவை மெல்லிய அழுத்தம். போல்ட் தாங்கும், மூடி தாங்காது.

பட்டணத்து நேயர்களின் காடிகளுக்கும் இதே நியாயம்தான். இப்போதைய என்ஜின்களில் தக்கைக்குப் பதில் பள்ளத்தில் உட்காரும் ரப்பர். சிலிக்கான் பசையைச் சுற்றிலும் பூச வேண்டாம், தயாரிப்பாளர் சொன்ன மூலைகளில் ஒரு பொட்டு போதும். போல்ட் பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர். இறுக்கம் பல என்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ இழுப்பு, அவ்வளவுதான். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக. சில போல்ட்டுகளின் கழுத்தில் ஒரு படி இருக்கும். அந்தப் படி அடியில் முட்டி நின்றுவிடும், ரப்பர் அதற்கு மேல் நசுங்காது. அதைத் தொலைத்துவிட்டு, பளபளப்பாக இருக்கிறதே என்று கடையில் கிடைத்த எவர்சில்வர் போல்ட்டைப் போடுகிறார்கள். படி இல்லாததால் ரப்பர் நசுங்குகிறது. ஈரத்தில் அலுமினியத்தோடு அது பிடித்துக்கொண்டு, கழற்றும்போது மரையோடு வருகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகினால்? என்ஜின் மூச்சு விடும் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, புதுக் கேஸ்கட்டையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். பாரம் ஏற்றி மலை ஏறுகிற, தேய்ந்த என்ஜினுக்கு இது கட்டாயம். கேஸ்கட் வாங்கப் போவதற்கு முன்பே அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவிவிட்டால் இன்னும் நல்லது.

பிறகு வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டி, சுற்றிலும் துடைத்து, இரவில் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து நிறுத்துங்கள். காலையில் கறை இல்லையென்றால் அப்படியே விடுங்கள். புதுத் தக்கை சில நாளில் சற்று அமுங்கும், அப்போது நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தொட்டுப் பார்த்தால் போதும். அந்தப் பையனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். "இறுக்கட்டுமா அண்ணே?" என்று அவன் கேட்டால், ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.