தெய்வத்துக்கே பல்லாண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து நேயர்களுக்கு மிக நெருக்கமான ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அது தொடங்குவது ஐரோப்பாவில்.

‘தெய்வத்தைக் கொன்றவன்’ என்று லத்தீனில் ஒரு சொல் உண்டு. இத்தாலிய மொழியில் அது டெயிச்சீடா, பிரெஞ்சில் டெயிசீட். இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள் ரோமானியச் சிப்பாய்கள்; ஆணையிட்டவர் ரோமானிய ஆளுநர். பழியோ யூத இனம் முழுவதன் மேலும், பிறக்கப்போகும் பிள்ளைகள் மேலும் விழுந்தது. அதைச் சொல்லியே நூற்றாண்டுக் கணக்கில் அவர்களை வதைத்தார்கள். நாஜிகளிடம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானை நேரில் பார்த்து முறையிட்டார். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை யூதர் எல்லார் மேலும் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. எவ்வளவு தாமதம்!

பாகவதத்திலும் கண்ணன் மேல் அம்பு எய்த ஒருவன் வருகிறான். ஜரன் என்ற வேடன். கண்ணனின் குலமான யாதவர்களை அழிக்கப் பிறந்த இரும்பு உலக்கையின் மிச்சத் துண்டு ஒரு மீன் வயிற்றில் கிடைத்தது. அதுதான் அவன் அம்பின் முனை. கண்ணனின் பாதத்தை மானென்று நினைத்து எய்துவிட்டான். நடுங்கி விழுந்தவனை ‘அஞ்சாதே’ என்று தேற்றி, சொர்க்கத்துக்கே அனுப்பினான் கண்ணன். அந்த வேடனின் குலத்தின் மேல் பாகவதம் எந்தப் பழியையும் வைக்கவில்லை.

தெய்வத்துக்குத் தீங்கு வருமோ என்று பதறிய ஒருவரும் நம் பக்கத்தில் உண்டு: ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய விஷ்ணுசித்தர். மதுரையில் பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று, யானைமேல் உலா வருகிறார். வானத்தில் கருடன் மேல் பெருமாள் காட்சி தருகிறார். வரம் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. இத்தனை பேர் பார்க்க வந்து நிற்கிறாரே, கண்பட்டுவிடுமே என்று நெஞ்சு பதைக்கிறது. யானையின் மணிகளையே தாளமாக்கிப் பல்லாண்டு பாடினார் என்கிறது வைணவ ஆசாரியர் வரலாறான குருபரம்பரை. காக்கிறவனுக்கே காப்பு! பெற்ற தாய்க்கு வரும் பதற்றம் அது. அதனால்தான் அவர் பெரியாழ்வார்.

நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தில் முதலில் நிற்பது அந்தத் திருப்பல்லாண்டுதான். மொத்தம் பன்னிரண்டே பாசுரம். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சீக்கிரமே போய்விடலாம். அங்கே ஆண்டாள் கோயிலில் பல்லாண்டு சேவிக்கும்போது ஒருமுறை முழுதாக நின்று கேளுங்கள்.