பூட்டு வழியில் இருக்கிறது, வீட்டில் இல்லை

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடலூர், குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து ரயிலேறி வந்தவர்களும், கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் வீட்டு வேலை, காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

இன்றைக்கு வட்டி, தவணை, தணிக்கை எதையும் பேசப் போவதில்லை. நம் எல்லோர் கையிலும் இருக்கிற வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். அதில் நாம் போடுவது யார் கண்ணுக்குத் தெரியும், யார் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். ஒரு ஊரில் தவணை பாக்கிப் பட்டியலைப் போட்டோ எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் நாங்களே போட்டோம். பதினைந்து பேர்தானே, எல்லாம் நம்ம ஆட்கள்தானே என்று நினைத்தோம். சாயந்திரத்துக்குள் அந்தப் போட்டோ ஒரு உறுப்பினரின் சம்பந்தி வீட்டுப் போனில் இருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த வீடு. பாக்கி இரண்டே தவணை, அதுவும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்கள். அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். "கடனை நான் கட்டிடுவேன் மேடம். எம் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கணுமே, அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டோம். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை இங்கே சொல்கிறோம். பேரும் ஊரும் சொல்ல மாட்டோம்.

அப்போது குழுவில் ஒருவர் கேட்டார்: "வாட்ஸ்அப்புல பூட்டுப் படம் போட்டு, நீங்க அனுப்புறத வேற யாரும் பார்க்க முடியாதுன்னு எழுதி வருதே, அது பொய்யா?"

பொய் இல்லைங்க. பூட்டு நிஜம்தான். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் போகிற எல்லாச் செய்திக்கும், அழைப்புக்கும் அந்தப் பூட்டு இருக்கிறது. அனுப்புகிற போனிலேயே செய்தி பூட்டப்பட்டுவிடும். சாவி, வாங்குகிறவர் போனில் மட்டும் இருக்கும். நடுவில் அதைச் சுமந்து போகிற நிறுவனத்தாலும் படிக்க முடியாது. சாதாரண எஸ்.எம்.எஸ். தபால் கார்டு மாதிரி, போகிற வழியில் படித்துவிடலாம். வாட்ஸ்அப் ஒட்டின இன்லேண்டு லெட்டர் மாதிரி.

ஆனால் லெட்டர் ஒட்டியிருந்தாலும் தபால்காரருக்கு முகவரி தெரியுமே! யார் யாருக்கு எழுதுகிறார், எத்தனை தடவை எழுதுகிறார் என்பது தெரியும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். நம் நம்பர், யாரோடு, எப்போது தொடர்பு, எந்தக் குழுக்களில் இருக்கிறோம் போன்ற விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் வாங்கியது. அந்த நிறுவனத்துக்கு இப்போது மெட்டா என்று பெயர். 2021இல், தங்களுடைய மற்ற நிறுவனங்களோடு நம் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று புது நிபந்தனை கொண்டுவந்தார்கள். அது தவறு என்று 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

இந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்க முடியுமா? இந்தக் கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 2018இல் போடப்பட்ட வழக்கு அது. இணையக் குற்றம் செய்கிறவர்களைப் பிடிக்க, சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிறகு, ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற பக்கம் வழக்கு திரும்பியது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. பூட்டைக் கெடுக்காமல் முடியாது என்றது வாட்ஸ்அப். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021இல் மத்திய அரசு, நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்று விதி போட்டது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே அதன் வக்கீல் சொன்னார்.

அரசு ஏன் கேட்கிறது என்பதையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது? கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு வயதான அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். இப்படிப் பல ஊர்களில் நடந்த பிறகுதான், அதே வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வைத்தார்கள். பூட்டு நம் ரகசியத்தையும் காக்கிறது, வதந்தி கிளப்புகிறவனையும் காக்கிறது. அதனால்தான் இந்த வழக்கு இத்தனை வருஷம் இழுக்கிறது.

சரி, நம்ம குழுவுக்கு வருவோம். அந்த அக்காவின் பேரை யார் வெளியே விட்டது? அரசும் இல்லை, நிறுவனமும் இல்லை. நாங்கள் போட்டோம், குழுவில் ஒருவர் ஃபார்வர்ட் செய்தார். அவ்வளவுதான். பூட்டு வழியில்தான் இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்த வீட்டில் பூட்டு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. குழுவில் பதினைந்து பேர் என்றால் பதினைந்து போன். அதில் எத்தனை போன் அந்தந்தப் பெண் கையில் மட்டும் இருக்கிறது? பையன் பாடம் படிக்க வாங்குகிறான், வீட்டுக்காரர் எடுத்துப் பார்க்கிறார், கொழுந்தனார் வாங்கிப் பேசுகிறார். பதினைந்து பேர் குழுவை நாற்பது பேர் படிக்கிறார்கள்.

இன்னும் சில ஓட்டைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் செய்திகளைக் கூகுளில் சேமித்து வைக்கிற வசதிக்கு அதே பூட்டு தானாக வராது. 2021இலிருந்து அந்த வசதி உண்டு, ஆனால் செட்டிங்ஸில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நம் போனைக் கொஞ்ச நேரம் வாங்கினவர், தன் கம்ப்யூட்டரில் நம் வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டுப் போகலாம். ஒரு செய்தியைப் புகார் செய்தால், அந்த நபரிடமிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். மெட்டா ஏ.ஐ. என்கிற நீல வளையத்தில் கேட்கிற கேள்விக்கும் அந்தப் பூட்டு கிடையாது.

"அப்போ வேற ஆப்புக்கு மாறிடலாமா மேடம்?" என்று கேட்கிறீர்கள். டெலிகிராமில் தனியாக 'ரகசிய உரையாடல்' என்று தேர்ந்தெடுத்தால்தான் இந்தப் பூட்டு, குழுக்களுக்குக் கிடையவே கிடையாது. சிக்னலில் எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு, நம்மைப் பற்றி அது வைத்துக்கொள்கிற விவரமும் மிகக் குறைவு. நம்ம தமிழ்நாட்டு ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை'யில் 2025 செப்டம்பரில் ஏராளமானவர்கள் சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் அதில் அழைப்புகளுக்குத்தான் இந்தப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. ஆகவே எந்த ஆப் ஆனாலும் பேரைப் பார்க்காமல், பூட்டு எதற்கெல்லாம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆனால் எந்த ஆப்பிலும், வாங்கினவர் அடுத்தவருக்குக் காட்டுவதைத் தடுக்க முடியாது.

அதனால் இந்தக் கூட்டமைப்பில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

1. பாக்கிப் பட்டியல், அபராதம், யாருடைய சொந்த விஷயமும் குழு வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. அது கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இது முதலில் எங்களுக்குப் பொருந்தும்.

2. ஆதார், பாஸ்புக், போட்டோ ஆகியவற்றைக் குழுவில் போடச் சொல்லி நாங்களே கேட்டாலும் போடாதீர்கள். ஜெராக்ஸை நேரில் கொடுங்கள்.

3. போனுக்கு வருகிற ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. அதைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் திருடன் கைக்குப் போகும். ஊக்குநர் பேரில் "அவசரமா அஞ்சாயிரம் போடுங்கக்கா" என்று குழு முழுக்கக் கேட்பான். யார் பணம் கேட்டாலும், போன் போட்டு குரலைக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்.

4. எல்லோரும் செட்டிங்ஸில் இரண்டு படி சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க ரகசிய எண் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்த்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். தெரியாதவர்களுக்கு, வழி காட்டுகிற பொறுப்பு எங்களுடையது.

5. விலகிய உறுப்பினர், மாறிப்போன பணியாளர் நம்பரை உடனே குழுவிலிருந்து எடுக்க வேண்டும்.

6. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மிரட்டல், படத்தை மாற்றி அனுப்புவது போன்றவற்றுக்கும் காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம்.

அந்தரங்கம் என்பது படித்தவர்கள், பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். அது அரசியல் சட்டம் தருகிற அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இரண்டு தவணை பாக்கி வைத்த பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

அந்த அக்கா மூன்றாவது மாதம் கூட்டத்துக்கு வந்தார். பாக்கியைக் கட்டினார். பிறகு எழுந்து, "இனிமே யாரு பேரையும் போன்ல போடாதீங்க, அத எழுதிக்குங்க" என்றார். முதல் தீர்மானம் அவர் சொன்னதுதான். உங்கள் குழுப் புத்தகத்திலும் அது ஏற வேண்டும்.