உள்ளூர்ச் சபைகளில் தீர்மானம் பிறக்கும் விதம்

ஊர் நூலகம் மாலை ஆறு மணியோடு மூடப்படுமா, எட்டு மணிவரை திறந்திருக்குமா? குப்பை வண்டி வாரந்தோறும் வருமா, இருவாரத்துக்கு ஒருமுறை வருமா? தனித்து வாழும் முதியவருக்கு வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர் கிடைப்பாரா? இக்கேள்விகள் சிறியனவாகத் தோன்றலாம். பாராளுமன்ற விவாதங்களை ஆவலோடு படிக்கின்ற நாம், இத்தகைய காரியங்களைத் தீர்மானிப்பவர் யார், எப்போது, எவ்வாறு தீர்மானிக்கிறார் என்று விசாரிப்பது அரிது. எனினும், காலை எழுந்ததுமுதல் இரவு உறங்கும்வரை நமது வாழ்வைத் தொட்டுக்கொண்டிருப்பன இத்தீர்மானங்களே.

இங்கிலாந்தின் உள்ளூர்ச் சபைகள் பொதுச் சேவைகள் பற்றி எவ்வாறு தீர்மானம் செய்கின்றன என்பதையே இன்று எடுத்துக்கொள்கிறேன். பிறநாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம்மவர் பலர் இன்று அந்நாட்டில் வாழ்கிறார்கள். பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், அங்கே சட்டப்படி குடியிருக்கும் இலங்கைப் பிரசைகள் உள்ளூர்ச் சபைத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையும் உடையவர்கள். இரண்டாவது காரணம், அச்சபைகளின் வரலாறு நமது நாட்டின் அரசியல் வரலாற்றோடு ஓரிடத்திலே பின்னிக் கிடப்பதாகும்.

1835ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்தின் பட்டினங்களுக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபைகளை அளித்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கவுண்டி சபைகள் தோன்றின. மறுவருடம் இலண்டன் கவுண்டி சபை தனது கடமைகளைத் தொடங்கிற்று. இச்சபைகள் யாவும் குழு முறையிலே இயங்கின. வீதிக்கு ஒரு குழு, சுகாதாரத்துக்கு ஒரு குழு, வேறு ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு குழு என உறுப்பினர் பிரிந்து அமர்ந்தனர். எந்தக் கட்சியினராயினும், ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஏதேனும் ஒரு குழுவில் இடமும் குரலும் இருந்தன.

டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு ஓர் அரசியலமைப்பை வகுத்தபோது, இலண்டன் கவுண்டி சபையின் இந்த முறையையே முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டனர். 1931இல் கூடிய அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவரே அத்துறையின் மந்திரியானார். கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அக்காலத்தின் பெரும்பேறு. 1947இல் சோல்பரி அரசியலமைப்பு வந்தது. குழு முறை மறைந்து மந்திரிசபை முறை நிலைபெற்றது. ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின், இங்கிலாந்தின் உள்ளூர்ச் சபைகளும் அதே மாற்றத்தைக் கண்டன.

அம்மாற்றத்தைக் கொணர்ந்தது 2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம். குழு முறையில் காலதாமதம் மிகுதி என்றும், பலர் கூடிச் செய்த தீர்மானத்துக்கு இன்னார் பொறுப்பு என்று சுட்ட இயலவில்லை என்றும் அரசாங்கம் கருதியது. ஆகவே, மிகச் சிறிய சில சபைகள் நீங்கலாக, ஏனையவை நிறைவேற்றும் பொறுப்பைச் சிலரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இச்சிலர் அடங்கிய அவையை அங்கே கபினட் என்றே அழைக்கிறார்கள். நாட்டின் மந்திரிசபையோடு மயங்காதிருக்கும் பொருட்டு, இதனை நாம் நிருவாக அவை என்று சொல்லுவோம்.

இந்த அவையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். சபை உறுப்பினர் கூடித் தலைவரைத் தெரிவுசெய்வர். சில சபைகளில் மக்களே நேரடியாக மேயரைத் தெரிவுசெய்வதுமுண்டு. தலைவர் தமது அவைக்கு உறுப்பினரை நியமிப்பார். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேற்படுதல் ஆகாது. யாவரும் ஒரே கட்சியினராக இருத்தலும் கூடும். ஒருவர் முதியோர் பராமரிப்பையும், இன்னொருவர் வீதிகளையும், மற்றொருவர் பிள்ளைகளின் நலனையும் பொறுப்பேற்பர். சில தீர்மானங்களை அவை கூடிச் செய்யும். சிலவற்றைத் துறைக்குப் பொறுப்பானவர் தனித்துச் செய்வார். இன்னும் சில, அதிகாரிகளிடம் விடப்படும்.

ஆயினும் யாவும் இவர்கள் கையில் இல்லை. வருடாந்த வரவு செலவுத் திட்டத்தையும் வரியின் அளவையும் முழுச் சபையே நிறைவேற்ற வேண்டும். கட்டட அனுமதி, வியாபார உரிமம் போன்றவை தனிக் குழுக்களிடமே இருக்கின்றன. பணத்தின் எல்லையை முழுச் சபை வகுக்க, அந்த எல்லைக்குள் நின்று சேவைகளை நடத்துவது நிருவாக அவையின் கடமை.

இனி, ஒரு தீர்மானம் பிறக்கும் விதத்தைக் காண்போம். அவைக் கூட்டத்தை முதன்முறையாகப் பார்க்கச் செல்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். நீண்ட விவாதத்தை எதிர்பார்த்துச் செல்வார், அறிக்கை ஒன்று முன்வைக்கப்படும், இரண்டொருவர் பேசுவர், சில நிமிடங்களில் அது நிறைவேறிவிடும். காரணம் யாது? அதிகாரிகள் பல வாரங்களாக அந்த அறிக்கையைத் தயாரித்திருப்பார்கள். நிதிப் பொறுப்பதிகாரி செலவைக் கணக்கிட்டிருப்பார். சட்ட அதிகாரி சட்டத்துக்கு அமைந்ததா என்று பார்த்திருப்பார். துறைக்குப் பொறுப்பான உறுப்பினர் பலமுறை அதிகாரிகளோடு கலந்துரையாடியிருப்பார். ஆளுங் கட்சியினர் தமக்குள் பேசி முடித்திருப்பார்கள். பரீட்சை மண்டபத்திலே மூன்று மணி நேரத்தில் மாணவன் எழுதுவது, அதற்கு முந்திய மாதங்களில் அவன் படித்ததையே காட்டுவது போல, கூட்டத்தில் நாம் காண்பது முன்னரே முதிர்ந்துவிட்ட முடிவையே ஆகும். ஆதலால், தமது கருத்தைச் சொல்ல விரும்பும் குடிமகன் கூட்டத்து நாளுக்காகக் காத்திருந்தால், காலம் கடந்தவனாகிவிடுவான்.

இதனை உணர்ந்தே சட்டம் சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, முன்னறிவித்தல். பெருந்தொகை செலவாகும் அல்லது மிச்சமாகும் தீர்மானமும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வட்டாரங்களின் மக்களைக் கணிசமாகப் பாதிக்கும் தீர்மானமும் முக்கிய தீர்மானங்கள் எனப்படும். அவற்றை 28 நாட்களுக்கு முன்னரே பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் விதி. கூட்டத்துக்கு ஐந்து முழு நாட்கள் முன்னதாக அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். அவசர காரியங்களுக்கு விதிவிலக்கு உண்டு; ஆனால் அவசரத்தின் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, மக்களைக் கலந்தாலோசித்தல். 1985இல் இலண்டனின் பிரென்ட் சபை சில பள்ளிக்கூடங்களை மூடுவது, இணைப்பது பற்றி எடுத்த நடவடிக்கையைப் பெற்றோர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்ட நான்கு நெறிகள் இன்றும் வழங்குகின்றன. முடிவு உருவாகும் பருவத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சிந்தித்து விடையளிக்கப் போதிய விளக்கம் தரவேண்டும். போதிய அவகாசம் தரவேண்டும். அவர்கள் சொன்னதை நேர்மையோடு மனத்திற்கொண்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். 2014இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் இந்நெறிகளை உறுதிப்படுத்தியது.

மூன்றாவது, மேலாய்வுக் குழு. நிருவாக அவையில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்டு, கட்சிகளின் பலத்துக்கேற்ப இக்குழு அமைக்கப்படும். ஒரு தீர்மானம் செய்யப்பட்டு அது செயலுக்கு வருமுன், இக்குழு அதனை மீள அழைத்து ஆராயலாம். அதற்கென ஒவ்வொரு சபையும் சில வேலைநாட்களை ஒதுக்கியிருக்கும். குழு அத்தீர்மானத்தை ரத்துச் செய்ய முடியாது. மறுபடியும் சிந்திக்குமாறு கேட்க மட்டுமே முடியும். கேள்வியைப் பலரறியக் கேட்டல் என்பதே அதன் வலிமை.

இவ்வாயில்களை வெறும் சடங்காகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு, நோர்தாம்ப்டன்ஷயர் கவுண்டி சபையின் கதை தக்க சான்று. 2018 பெப்ரவரியில், வரவுக்குள் செலவை அடக்க இயலாத நிலை வந்துவிட்டது என்று அச்சபையின் நிதிப் பொறுப்பதிகாரி சட்டப்படி எச்சரிக்கை அறிவித்தல் விடுத்தார். அதே மாதத்தில், 36 நூலகங்களில் 21ஐ மூடுவதென்று முடிவாயிற்று. நூலகம் இல்லாத ஊரின் வெறுமையை நம் நாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறு கிராமங்களில் அந்நூலகமே தாய்மார் குழந்தைகளோடு கூடும் இடமாகவும், வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாத மாணவனுக்குப் படிப்பறையாகவும் இருந்தது.

ஒரு சிறுமியின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1964ஆம் ஆண்டின் நூலகச் சட்டம், நிறைவானதும் திறமையானதுமான நூலக சேவையை வழங்குவது சபையின் கடமை என்று விதித்திருக்கிறது. பணநெருக்கடியில் ஆழ்ந்திருந்த சபை, தனது சட்டக் கடமைகளை உரியவாறு சிந்தியாமல் முடிவெடுத்தது என்று கண்ட உயர் நீதிமன்றம், 2018 ஓகஸ்டில் அம்முடிவை ரத்துச் செய்தது. நீதிமன்றம் பணம் தரவில்லை. தர அதற்கு அதிகாரமுமில்லை. மீண்டும் ஒழுங்காகச் சிந்தியுங்கள் என்றே கூறியது. அவ்வாறு சிந்தித்தபோது, பல நூலகங்களை ஊர்மக்களின் குழுக்கள் நடத்தும் ஏற்பாடு பிறந்தது. அது முழுமையான வெற்றி என்று சொல்ல மாட்டேன். சம்பளம் பெற்ற நூலகர் இருந்த இடத்தில் தொண்டர் அமர்வது ஓர் இழப்பே. எனினும், பூட்டிய கதவைவிடத் திறந்த கதவு மேலானது. அந்தச் சபையோ 2021இல் கலைக்கப்பட்டு, அதனிடத்தில் இரண்டு புதிய சபைகள் அமைந்தன.

ஷெபீல்ட் மாநகரத்து மக்கள் வேறொரு வழியை நாடினார்கள். வீதி திருத்தும் நீண்டகால ஒப்பந்தம் ஒன்றின்கீழ், அங்கே ஆயிரக்கணக்கான வீதியோர மரங்கள் வெட்டப்பட்டன. நல்ல மரங்களையும் வெட்டுகிறார்கள் என்று குடியிருப்போர் எதிர்த்து நின்றனர். 2018இல் வெட்டும் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையின் அறிக்கை, 2023இல் வெளியாகிச் சபையின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தது. நாம் வாக்களித்த உறுப்பினருக்கே இக்காரியத்தில் குரல் இல்லையே என்ற மனக்குறை ஊரிலே பரவியிருந்தது. வாக்காளரில் நூற்றுக்கு ஐவர் ஒப்பமிட்டு மனுக்கொடுத்தால், ஆட்சிமுறை பற்றி வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வாறே 2021 மே மாதத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் குழு முறையே வேண்டும் என்றனர். 2022 மே மாதம் அம்முறை மீண்டும் வந்தது. பிரிஸ்டல் மாநகரமும் 2022இல் அவ்வாறே வாக்களித்து, 2024இல் குழு முறைக்குத் திரும்பியது. ஆனால் 2025இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஒரு சட்டமூலமோ, விரைவும் பொறுப்பும் கருதி, நிருவாக அவை முறையே பொதுவிதியாக வேண்டும் என்று முன்மொழிந்தது. ஊசற்கட்டை ஒரு பக்கம் சென்றால் மறுபக்கம் வந்தே தீரும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? சிலர் கூடினால் விரைவு உண்டு; தவறினால் கேட்பதற்கு ஆளும் உண்டு. பலர் கூடினால் தாமதம் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஊரின் குரலும் உள்ளே நுழைய இடம் உண்டு. இரண்டு முறையிலும் நன்மை செய்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் மக்களை மறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த முறையாயினும், முடிவு முதிர்வதற்கு முந்திய நாட்கள் மக்களுக்குத் திறந்திருந்தனவா என்பதே உரைகல்.

நமது மாநகர சபைகளிலும் நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் இத்தகைய நிருவாக அவை இல்லை. மேயரிடமும் தவிசாளரிடமும் நிறைவேற்றும் அதிகாரம் இருக்கிறது. ஆராய்ந்து சொல்லக் குழுக்கள் இருக்கின்றன. ஆயினும், தம் ஊரிலே நூலகமோ சந்தையோ வீதிவிளக்கோ பற்றிப் பேச்சு எழும்போது, நேயர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த யோசனை எப்போது நமக்கு அறிவிக்கப்பட்டது? இதற்கான கணக்கையும் காரணத்தையும் நாம் பார்க்க முடிந்ததா? மாற்றுக் கருத்துச் சொன்னவருக்கு என்ன விடை கிடைத்தது? இக்கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சபையின் வாயில் வரை நடந்து செல்லும் மனம் வேண்டும். அதையும், காலத்தோடு செல்ல வேண்டும்.

எமது பள்ளிக்கூடங்களில் குடியியல் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. மாணவரை ஒருநாள் உள்ளூர்ச் சபைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முதல் வாரமே அக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலைக் கேட்டு வாங்கி, வகுப்பிலே வாசியுங்கள். கேட்டுப் பெறலாம் என்பதை அறிவதே குடியியலின் முதற் பாடம்.