ஆசிரியர் முதலில் மாணவராதல் வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர் ஒருவர் விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேச முன்வந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். யாப்பும் அணியும் கூறவேண்டிய வாய் ஊசலும் அளவுகோலும் கூறுவானேன் என்று கருதுவோரும் இருப்பர். யாம் செய்த ஒரு பிழையே இச்சொற்பொழிவிற்குக் காரணமாதலின், அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாம்.

சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணியாற்றும் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் விடுப்பிற் சென்றிருந்தார். ஏழாம் வகுப்பை ஒரு திங்களளவும் யாமே பார்த்துக்கொள்ள நேர்ந்தது. பாடநூலைப் படித்துக் காட்டிப் பொருள் கூறி வந்தோம். ஒருநாள் ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, ஊஞ்சலில் அப்பா ஏறினால் விரைந்து ஆடுமா, தம்பி ஏறினால் விரைந்து ஆடுமா?" என்று வினவினாள். "கனமுடையதே விரைந்து ஆடும், இதுகூடத் தெரியாதா?" என்று விடையளித்தோம். வகுப்பு முழுவதும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. அவ்விடை முற்றும் பிழை. பிழையென்று எமக்குத் தெரிந்த காலத்து அச்சிறுமி வேற்றூர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் நெஞ்சில் யாம் எழுதிய பிழை இன்றும் அழியாதிருத்தல் கூடும்.

நிற்க. இக்காலத்துக் கல்வியுலகில் ‘ஸ்டெம்’ என்றொரு பெயர் பெரிதும் வழங்குகின்றது. விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டியமைத்த பெயர் அது. அமெரிக்க நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தார் 1990களில் ‘ஸ்மெட்’ என வழங்கி, 2001ஆம் ஆண்டளவில் எழுத்துக்களை முறைமாற்றி இவ்வாறு வழங்கலாயினர். நான்கு துறைகளையும் நான்கு மணிகளில் அடைத்து வையாமல், ஒரு பொருளை ஆராயும்போது நான்கும் கூடி வருமாறு கற்பித்தலே அதன் கருத்து. இது பிள்ளைகட்கு நன்றென்பதை மறுப்பார் அரியர். ஆயின் கற்பிக்கும் ஆசிரியர் ஆயத்தமாவது எங்ஙனம்? பௌதிகம் பயின்றவர் கணிதம் கற்பித்தறியார். கணிதம் வல்லவர் ஓர் ஆணி அடித்தறியார். இவ்வினாவிற்கு எமக்குக் கிடைத்த விடையைச் சொல்லுவோம்.

முன் கூறிய நிகழ்ச்சிக்குப் பின், ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றிற்கு எம்மையும் அனுப்பினர். முதலிரண்டு நாளும் சொற்பொழிவுகள் நடந்தன. குறித்துக்கொண்டோம், மறந்தோம். மூன்றாம் நாள் வந்த பயிற்சியாளர் பேசவே இல்லை. குழுவிற்கு ஒரு நூற்கண்டு, சில கற்கள், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம் தந்து, "ஒரு மீட்டர் நூலிற் கல்லைக் கட்டிச் சிறிதளவே விலக்கி ஆடவிடுங்கள், பத்து ஆட்டத்திற்கு எவ்வளவு நேரமென்று பாருங்கள்" என்றார்.

ஏனைக் குழுவினர்க்கெல்லாம் ஏறத்தாழ 20 விநாடி வந்தது. எமக்கு மட்டும் 18. கடிகாரத்தைக் குறை கூறினோம். நூலைக் குறை கூறினோம். முடிவில் பக்கத்துக் குழுவிலிருந்த இளம் ஆசிரியை ஒருவர், "ஐயா, நீங்கள் கல்லை விடும்போதே ‘ஒன்று’ என்கிறீர்கள், ஒன்பது ஆட்டத்தைப் பத்தென்று எண்ணுகிறீர்கள்" என்றார். நாற்பது வயது கடந்த எமக்கு எண்ணத் தெரியவில்லை என்பது அன்று விளங்கிற்று! கணிதம் ஏட்டில் இருந்தபோது எமக்கு நேராத நாணம், அது கையில் வந்தபோது நேர்ந்தது.

அடுத்து நூலைக் கால் மீட்டராகக் குறைக்கச் சொன்னார். கால் பங்கு நீளத்திற்குக் கால் பங்கு நேரமே ஆகும் என்று அனைவரும் முன்கூட்டியே சொன்னோம். பார்த்தபோது 10 விநாடி வந்தது, அஃதாவது பாதி. நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாவது ஏன் என்ற ஆராய்ச்சியில், கணித ஆசிரியர் ஒருவர் துள்ளியெழுந்து, "வர்க்கமூலம்!" என்றார். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்த ஒன்றை ஒரு கல்லிலும் நூலிலும் அவர் அன்றுதான் கண்டார்.

இறுதியில், சிறு கல்லும் பெருங்கல்லுமாக மாற்றிக் கட்டச் சொன்னார். எம் பழைய விடைக்குச் சோதனை வந்தது என்று உள்ளம் நடுங்கிற்று. கால் மீட்டர் நூலிற் கட்டிய பெருங்கல் விரைந்து ஆடவில்லை. பத்து ஆட்டத்தில் முக்கால் விநாடியளவு பிந்தியே நின்றது. "கனம் மிகுந்தால் மெதுவாக ஆடும்" என்று சிலர் முடிவு கட்டினர். அதுவும் பிழையே. நூல் ஒரே அளவாயினும், பெருங்கல்லின் நடுவிடம் சிறுகல்லின் நடுவிடத்தினும் கீழே இருத்தலால், ஊசலின் நீளம் கூடிவிட்டது. தொங்குமிடத்திலிருந்து கல்லின் நடுவரை அளந்து நீளத்தைச் சமமாக்கியபோது, கனம் எவ்வளவாயினும் நேரம் ஒன்றாகவே வந்தது.

அன்பர்களே! இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குங்கள். "ஊசலின் நேரம் கனத்தைப் பொறுத்ததன்று" என்னும் வாக்கியத்தை மனப்பாடம் செய்த ஆசிரியர், வகுப்பிற் பெருங்கல் பிந்தி ஆடக் கண்டால் யாது செய்வார்? "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று பிள்ளையை அடக்குவார். பிள்ளையோ கண்ணால் உண்மையையே கண்டது. தாமே அவ்விடரில் ஒருமுறை வீழ்ந்து எழுந்த ஆசிரியர்தாம், "நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தாய்?" என்று கேட்கவல்லவர். லீ ஷுல்மன் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் 1986இல் எடுத்துரைத்ததும் இதனோடு ஒக்கும்: பொருளறிவு வேறு, பொதுவான கற்பித்தல் முறை வேறு, இப்பொருளை இப்பிள்ளைக்கு விளக்கும் அறிவு என மூன்றாவதொன்று உண்டு.

இங்ஙனம் ஆசிரியரை ஆயத்தம் செய்தல் பெருநிலையில் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு நம் நாட்டிலேயே சான்றுளது. மத்தியப் பிரதேசத்தில், இப்பொழுது நருமதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானக் கல்வித் திட்டமொன்று தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர் கிராம மையம் என்னும் இரு அமைப்புகள் தொடங்கின. டில்லிப் பல்கலைக் கழகத்தாரும் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் துணை நின்றனர். 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982இல் தோன்றிய ஏகலைவ்யா நிறுவனம் அதனை வளர்த்தது. பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளையெல்லாம் கிராமத்து ஆசிரியர்கள் முதலில் தாமே செய்து பார்த்தனர். பின்னர்த் திங்கள்தோறும் கூடி, வகுப்பில் நேர்ந்த இடர்களைப் பேசித் தீர்த்தனர். தேர்வும் அதற்கேற்ப மாறிற்று. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினர். 2002இல் மாநில அரசார் அத்திட்டத்தை நிறுத்திவிட்டமை வருந்தத்தக்கதே. எனினும் 30 ஆண்டுகள் நடந்த ஒன்றை நடவாதென்று கூற ஒருவராலும் இயலாது.

நம் தமிழ்நாட்டிலும் 2022 நவம்பர் 28ஆம் நாள் ‘வானவில் மன்றம்’ திருச்சியில் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களுக்குக் கருத்தாளர்கள் கருவிகளோடு வந்து சோதனை செய்து காட்டும் ஏற்பாடு அது. வரவேற்கத் தக்கது. ஆயினும் வந்தவர் போய்விடுவர். மறுநாள் அப்பிள்ளை வினவுவது வகுப்பாசிரியரையே. அவர் கை பழகாவிடின் வினா அங்கேயே மடியும்.

இனி நம் சங்கம் செய்யத்தக்கது யாது? ஆண்டுதோறும் பரிசுக் கேடயங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அளவுகோல், தராசு, கடிகாரம், மரவேலைக் கருவிகள் வாங்க ஒதுக்கலாம். கோடையிற் பத்து நாள் நம் கட்டடத்தை ஆசிரியர்க்குத் திறந்து விடலாம். நம் அங்கத்தினருள் பொறியியலாளரும் தச்சு வேலை அறிந்தாரும் உளர். அவர்கள் மேடையேறிப் பேசாமல் தரையில் உடன் அமர்ந்து செய்து காட்டுதல் வேண்டும். மொழியாசிரியர்களும் வருக; கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்து எழுதப் பிள்ளைகளைப் பழக்குதல் எம் போன்றாரின் கடமை. பின்னர்த் திங்களுக்கு ஒருமுறை கூடுதலும் இன்றியமையாதது. ஒருமுறை கற்றது ஓராண்டில் துருப்பிடிக்கும். இவ்வகுப்பு நம்மவர்க்கு மட்டும் உரியதாதல் கூடாது. ஊரிலுள்ள எல்லாப் பள்ளி ஆசிரியரையும் அழைத்தல் வேண்டும். நம் பிள்ளைகட்குக் கற்பிப்போர் எக்குலத்தாராயினும் அவர் தவறினால் தவறுவது நம் பிள்ளையே; அங்ஙனமே நாம் தவறினால் தவறுவது பிறர் பிள்ளை.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று ஓர் ஆசிரியர் கூறினால், அவரை இகழற்க. அச்சொல்லைச் சொல்லும் துணிவு எமக்கு அன்று இருந்திருந்தால், அச்சிறுமி தன் வீட்டு ஊஞ்சலில் தானே உண்மையைக் கண்டிருப்பாள்.

பயிற்சி முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், அவ்வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பிற்கு வந்தோரிடம் சென்று, "சென்ற ஆண்டு யாம் சொன்னது பிழை, வாருங்கள், கல்லும் நூலும் கொணர்வோம்" என்றோம். அவர்கள் நகைக்கவில்லை, வேப்பமரத்தடிக்கு எம்மினும் முன்னே ஓடினர். அவ்வோட்டத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரிடத்தும் காண்பதற்கு நீவிர் துணை செய்வீராக என வேண்டி அமைகின்றோம்.