தந்தையின் பெயரில் ஒரு பாட்டுத் தொகுதி



நம் நாட்டுப் பெண்கள் பாடாதவர்கள் அல்லர். தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் ஆக்கித் தந்த செல்வங்கள். மன்னார்க் கடலோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலம் பிறந்துவிட்டால், பசாம் பாடும் குரல்களில் தாய்மாரின் குரலும் தனித்துக் கேட்கும். ஆயினும், இந்தத் தாலாட்டை ஆக்கியவள் இன்னாள், இந்த ஒப்பாரியைக் கட்டியவள் இன்னாள் என்று சொல்ல நம்மிடம் ஒரு பெயர்தானும் இல்லை. பாட்டு நின்றது, பாடியவள் மறைந்தாள். நாம் பெருமை பேசும் நாட்டுக்கூத்திலும், நெடுங்காலம் பெண்வேடத்தை ஆண்களே கட்டி ஆடினர். 1970களில் பொப்பிசை என்னும் புதுவகைப் பாட்டு இலங்கைத் தமிழரிடையே பரவியபோதும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று நம் நினைவில் முதலில் எழுகின்ற பெயர்கள் ஆண்களுடையனவே.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பாட்டுத் தொகுதியின் அருமை விளங்கும். அதன் பெயர் ‘அருளர்’. அதனை ஆக்கிப் பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம் என்னும் ஈழத்தமிழ்ப் பெண். எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்துப் பெயரால் உலகம் அவரை அறியும்.

மாதங்கி 1975ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் பெற்றோர் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தனர். தந்தையார் அருள்பிரகாசம், ஈரோஸ் என்னும் ஈழப் புரட்சி மாணவர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவர் பூண்ட புனைபெயர். ‘லங்கா ராணி’ என்னும் நாவலை எழுதியவரும் அவரே. அவரை விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் என்று மேனாட்டு ஏடுகள் பலமுறை எழுதியது பிழையாகும். இயக்கப் பணியின் பொருட்டு அவர் வீட்டைத் துறந்தார். மகள் வளர்ந்த காலத்தில் அவர் எப்போதாவது மறைந்து வந்து போவார். வந்தவர் தந்தையென்று பிள்ளைகள் அறிந்தால் ஆபத்து என்று, அவரை மாமா என்றே காட்டினார்களாம். தாயார் கலா பிள்ளைகளைக் காத்துக்கொண்டு சில காலம் சென்னையிலும், மீண்டும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தார். போர் முற்றவே, 1986ஆம் ஆண்டளவில் குடும்பம் அகதிகளாக இலண்டன் சேர்ந்தது. தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகளுக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் அங்கேதான் பழக வேண்டியிருந்தது.

வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சுவை தரத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்தச் சிறுமியிடம் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதனைத் திருடர் கொண்டுபோயினர். பாட்டில்லாத அறையில் படுத்திருந்தவளின் காதில், சுவருக்கு அப்பால் அயல்வீட்டு இளைஞன் ஒலிக்கவிட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹிப்–ஹொப் பாட்டு விழுந்தது. சொற்கள் முற்றும் விளங்காவிடினும், அடக்கப்பட்டவர் பேசும் தொனி விளங்கிற்று. அவருடைய இசைக் கல்வியின் முதற்பாடம் அதுவே எனலாம்.

முறையான சங்கீதப் பயிற்சி அவருக்கு இல்லை. இலண்டனில் சென்றல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை பயின்று, 2000ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். எலாஸ்ரிக்கா என்னும் றொக் இசைக்குழுவின் தலைவி ஜஸ்ரின் பிறிஷ்மன் அவருக்குத் தோழியானார். அக்குழுவின் இசைத்தட்டு ஒன்றுக்கு உறைப்படம் ஆக்கியும், சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்தும் பணிபுரிந்தபோது, பீச்சஸ் என்ற கனேடிய இசைக் கலைஞர் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். றோலண்ட் எம்.சி. 505 என்பது அதன் பெயர். மேசைமேல் வைத்துப் பொத்தான்களைத் தட்டினால் மேளமும் மெட்டும் எழுப்பும் மின்கருவி அது. வாத்தியக்காரர் பலரை அமர்த்தப் பொருளில்லாதவரும், சுரம் எழுதக் கல்லாதவரும், தம் உள்ளத்திலுள்ள தாளத்தை வெளியே கொணர அது வழிசெய்தது. படுக்கையறையில் அக்கருவியோடு இருந்து அவர் பாட்டுகளைக் கட்டினார். 2003இல் ‘கலாங்’ என்ற பாட்டு ஐந்நூறு தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. அது கைமாறிக் கைமாறிப் பரவ, எக்ஸ்.எல். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2005இல் முழுத் தொகுதியும் வெளிவந்தது. அவ்வாண்டு பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தொகுதிகளுள் ஒன்றாகவும் நின்றது.

அது எவ்வகை இசை? பொப் என்பார் உளர். ஹிப்–ஹொப் என்பார் உளர். யமேக்காவின் நடன இசையும், பிறேசில் நாட்டுச் சேரிகளின் துள்ளலும், இலண்டன் தெருக்களின் பேச்சும் அதில் கலந்துள்ளன. கருநாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு முதலிற் கரடாகவே படும். கரடாகப் படுவதெல்லாம் வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடுதல் தகாது. பறையொலியையும் ஒருகாலத்தில் நம்மிற் பலர் அவ்வாறே தள்ளினார்கள். அடுத்த தொகுதியை 2007இல் வெளியிட்டபோது, இதே பெண் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தை ஒலிப்பதிவு செய்து உலக மேடைக்குக் கொண்டுபோனார்.

இனி, அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன்னை மாமா என்று காட்டிச் சென்ற தந்தையின் புனைபெயரை, மகள் தன் முதல் தொகுதியின் நெற்றியில் எழுதினாள். எங்கிருந்தாலும் தன் பெயரைத் தேடும் தந்தையின் கண்ணில் மகள் படவேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை பலித்தது, தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளைக் குறித்துப் பெருமை கொள்வதாகவும், தொகுதியின் பெயரை மாற்றிவிடும்படியும் அவர் கேட்டிருந்தார். மகள் மாற்றவில்லை. இரண்டாம் தொகுதிக்குத் தாயின் பெயராகிய ‘கலா’ என்பதையும், 2013இல் வெளிவந்த நான்காம் தொகுதிக்குத் தன் பெயராகிய ‘மாதங்கி’ என்பதையும் சூட்டினாள். தந்தையார் 2019இல் காலமானார்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரும் பொருளுடையது. போரிற் காணாமற்போனவரைக் குறிக்கும் இராணுவச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. தாம் வாழ்ந்த அக்டன் என்ற இலண்டன் பகுதியின் பெயரையும் அதில் இணைத்து அவர் விளையாடினார். காணாமற்போனவரின் நிழற்படத்தை நெஞ்சோடு அணைத்துத் தெருவோரத்தில் அமர்ந்திருந்த தாய்மாரைக் கண்ட மன்னார் மக்களுக்கு, அந்த மூன்றெழுத்தின் கனத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நேயர்களே, இத்தொகுதியை மறுத்துரைத்தவர்களும் உண்டு. உறையிலே புலியும் தாங்கியும் வரையப்பட்டிருந்தன. வன்முறைக்கு அழகு பூட்டுகிறாள் என்று சிலர் குற்றம் சாட்டினர். அந்த வாதத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது. 1990 அக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அவர்கள் வீடு வாசல் இழந்து வள்ளங்களில் ஏறிப் புத்தளக் கரைக்குப் போனார்கள். அதே காலப்பகுதியில் வேறு வள்ளங்கள் தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் நோக்கிப் போயின. ஒரே கடல் இருவர் கண்ணீரையும் கண்டது. ஒரு பாட்டுத் தொகுதி இந்தத் துயரம் முழுவதையும் சொல்லிவிட இயலாது. பத்து வயதில் ஊரைவிட்டு ஓடிய ஒரு பெண் கண்ட பக்கத்தையே அது சொல்லும். அதற்கு மருந்து அந்தப் பாட்டை அடக்குவதன்று. மற்றப் பக்கத்திலிருந்தும் பாட்டுப் பிறக்க வேண்டும். எருக்கலம்பிட்டிப் பெண் பாடட்டும். பேசாலைப் பெண் பாடட்டும். தலைமன்னார்ப் பெண் பாடட்டும்.

பாடுவார்களா? பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நம் சிறுமியர் இனிமையாகப் பாடுகின்றனர், பரிசும் பெறுகின்றனர். சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் பாட்டு நிற்கிறது. பின்பு திருமணப் பேச்சு, பின்பு அடுக்களை. பாடிய பாட்டுகளும் பெரும்பாலும் பிறர் எழுதிக் கொடுத்தவை. தானே சொற்கட்டித் தானே மெட்டமைத்துப் பாடும் பெண்பிள்ளையைப் பார்த்து, “இது எதற்கு உனக்கு?” என்று கேட்பவர்களே மிகுதி. மாதங்கிக்கு அன்று கிடைத்த கருவி விலை மிக்கது. இன்று ஒரு கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்டது. ஆகவே, கருவியில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. குறைவாயிருப்பது கேட்கும் மனமே.

பெற்றோர்களே, உங்கள் மகள் தன் சொந்தப் பாட்டொன்றைக் கொண்டுவந்தால், அது நன்றோ தீதோ என்று தீர்ப்பளிக்குமுன் இறுதிவரை கேளுங்கள். மெட்டு உங்களுக்குப் பிடிக்காமற் போகலாம். சொல் சில இடங்களில் உறுத்தலாம். ஆயினும் நீங்கள் வாய்திறந்து சொல்லாமல் வைத்திருந்த கதையொன்றை அவள் அதில் சொல்லியிருக்கக் கூடும். பாட்டின் கீழே அவள் பெயரை எழுதி வையுங்கள். நம் பாட்டிமாருக்குக் கிட்டாத அந்த உரிமை பேத்திமாருக்கேனும் கிட்டட்டும்.